பாதிச் சுவரில் நின்ற பைப்

கிருத்திகா நைலான் கயிற்றை மெல்ல இழுத்தாள். கயிறு ஒரு தடையும் இல்லாமல் கைக்கு வந்துகொண்டே இருந்தது.

அப்படி வந்திருக்கக் கூடாது.

ஹாலின் பின்சுவரில், தலைக்கு ஓரடி மேலே பதித்திருக்கும் பெட்டியில் தொடங்கும் அந்தக் கயிறு, பக்கச் சுவருக்குள் புதைத்த பைப் வழியே முப்பதடி ஓடி, டி.வி. வரப்போகும் முன்சுவரில் வெளியே வர வேண்டும். முன்சுவரிலும் ஒரு கயிற்று முனை ஆணியில் கட்டித்தான் இருந்தது. ஆனால் இவள் இங்கே இழுக்க, அது அங்கே அசையவே இல்லை.

கயிற்றின் மறுமுனையும் வந்து விழுந்தது. தரையில் நீட்டி டேப் வைத்து அளந்தாள். பதினாலு அடி. மிச்சம் பதினாறு அடி எங்கே போயிற்று?

எலச்சிபாளையம் ரோட்டில் வேலுமணி கட்டிக்கொண்டிருக்கும் புது வீடு இது. சென்ற வாரம் அவருடைய சின்ன மகன், கிருத்திகாவின் கணவன் நவநீதகிருஷ்ணன், "ஹால்ல ஹோம் தியேட்டர் வெக்கலாமுங்கப்பா" என்று பயந்து பயந்து கேட்க, "வெச்சுக்குங்க சாமி" என்று அவர் ஒரே வார்த்தையில் சொல்லி எல்லோரையும் வாயடைக்க வைத்தார். பாத்ரூம் டைல்ஸுக்குக்கூட மூன்று நாள் வாதாடிய மனிதர். "இவரு இத்தன லேசா ஒத்துக்க மாட்டாரே" என்று மாமியார் காளியாத்தாள் அன்றைக்கே கிருத்திகாவின் காதில் கிசுகிசுத்தாள். அதற்கான விடைதான் இப்போது பதினாலடிக் கயிறாகத் தரையில் கிடந்தது.

நாளைக் காலை ஏழு மணிக்குப் பூச்சு வேலைக்கு ஆள் வருகிறது. பூசிவிட்டால் சுவர் மூடிக்கொள்ளும். அதன் பிறகு ஒரு ஒயர் இழுக்க வேண்டுமென்றாலும் உடைக்க வேண்டும். பூசிய சுவரில் உளி வைக்க வேலுமணி விடுவாரா?

கிருத்திகா சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். ஆணி அடிப்பதென்றாலும் அப்பா ஆபீசில் எழுதிக் கேட்க வேண்டிய சுவர்கள் அவை. இந்தச் சுவர்தான் அவள் இஷ்டப்படி எழும் முதல் சுவர். அதனால் நாலு பக்கம் நோட்டில் படம் போட்டு, காரணம் எழுதி வைத்திருந்தாள். இன்று வாங்கும் ஒயர் ஆறேழு வருடத்தில் பழையதாகிவிடும், ஆகவே டி.வி.க்குப் பின்னால் இரண்டங்குலப் பைப். மூலைகளில் நீள வளைவு; சட்டென்று திரும்பினால் ஒயரின் தலை சிக்கிக்கொள்ளும். கரண்ட் லைனுக்கும் ஸ்பீக்கர் லைனுக்கும் ஓரடி இடைவெளி, இல்லையேல் ஸ்பீக்கர் இரையும். எந்தப் பைப்பும் கயிறு இல்லாமல் மூடப்படக் கூடாது. நாளைக்கு என்ன புது ஒயர் வந்தாலும் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் எதற்கென்றால், எட்டுப் பேர் ஒன்றாக உட்காருவதற்கு. கணவனின் அண்ணன் மாதேஸ்வரன் போர்வெல் வண்டியோடு ராய்ப்பூர் பக்கம் இருக்கிறான். மழைக்காலத்திலும் பொங்கலுக்கும்தான் ஊர் வருவான். அவன் மனைவி பூங்கொடியும் இரண்டு குழந்தைகளும் இங்கே எல்லோரோடும் பழைய வீட்டில். மாதேஸ்வரன் வந்துவிட்டால் பழைய வீட்டின் சின்ன அறையில் ஒருவர் மடிமேல் ஒருவர் கால் போட்டுப் படம் பார்ப்பார்கள். அந்த எட்டுப் பேருக்கும் புது ஹாலின் பின்பாதியில் நீளமாக ஒரு இருக்கை போட்டிருந்தாள் கிருத்திகா, நோட்டில்.

"மாதையண்ணா!"

ஏணி மேல் நின்றிருந்த எலக்ட்ரீஷியன் மாதையன் திரும்பாமலே, "சொல்லுங்க அம்மணி" என்றான்.

"பின்ஸ்பீக்கர் பைப்பு எங்க போய் நிக்குது?"

"அதுங்களா..."

'அதுங்களா' என்று ஒருவர் இந்தப் பக்கத்தில் இழுத்தால், விஷயம் பெரிது என்று பொருள். இரண்டு வருட மருமகள் வாழ்க்கையில் கிருத்திகா கற்றுக்கொண்டதில் அதுவும் ஒன்று.

"கீழ எறங்கி வந்து சொல்லுங்கண்ணா."

இறங்கி வந்தான். பக்கச் சுவரின் நடுவிலிருந்த தூணைக் காட்டினான். "தூணுக்கு இக்கட்ட ஒரு பைப்பு, அக்கட்ட ஒரு பைப்புங்க. நடுவால சேக்கலைங்க."

"சேக்காமலே ரெண்டு பக்கமும் கயிறு தொங்கவிட்டு வெச்சிருக்கீங்க?"

"நீங்க இழுத்துப் பாப்பீங்கன்னு ஆருங்க கண்டா? பதினெட்டு வருசமா ஒயரிங் பண்றேன். எந்த ஊட்டுக்காரங்களும் கயித்த இழுத்துப் பாத்ததில்லீங்க."

"ஏன் சேக்கல?"

"பெரியவரு வேண்டாம்னுட்டாருங்க. வேசாழக்கெழம வந்தாரு. தூணைத் தாண்டி எந்த லைனும் போகக் கூடாதுன்னாரு. லைட்டு லைனுகூட அந்தப் பாதிக்குத் தனி, இந்தப் பாதிக்குத் தனிதானுங்க." மாதையன் குரலைத் தாழ்த்தினான். "அம்மணி படிச்சவங்க, நீங்களே ரோசனை பண்ணிப் பாருங்க. இந்தத் தூணுலருந்து எதுத்த தூணு வரைக்கும் தரைக்குக் கீழ கடக்கால் போட்டிருக்குதுங்க. மேல செவுரே இல்லாத எடத்துக்குக் கடக்கால் எதுக்குங்க?"

கிருத்திகா ஹாலின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். காலுக்குக் கீழே அஸ்திவாரம் என்றால், தலைக்கு மேலே தூணுக்குத் தூண் தடித்த பீம். முன்பாதிக்குக் கிழக்கே ஒரு வாசல், பின்பாதிக்கு வடக்கே ஒரு வாசல். காற்றோட்டத்துக்கு என்று சொல்லியிருந்தார். வெளியே கரண்ட் மீட்டர் பெட்டி இரண்டு. ஒன்று மோட்டாருக்கு என்று நினைத்திருந்தாள்.

மாமா கட்டுவது ஒரு வீடு அல்ல. இரண்டு.

உடனே கணவனுக்குப் போன் போட்டாள். நவநீதகிருஷ்ணன் கோழித் தீவனக் கம்பெனியில் சூப்பர்வைசர். பின்னால் மிஷின் ஓடும் சத்தம்.

"என்னங்க, பின்ஸ்பீக்கர் பைப்பு பாதியில நிக்குது. மாமா சேக்க வேண்டாம்னு..."

"கடக்காலப் பாத்துட்டயா?" என்றான் அவன்.

அவள் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை.

"உங்களுக்கு முன்னயே தெரியுமா?"

"லோடு ஏறுது கிருத்தி. ஊட்டுக்கு வந்து பேசிக்கலாம்."

போனை மூடிப் பையில் போட்டாள். கோபத்தைவிடப் பயம்தான் முந்திக்கொண்டு வந்தது. இது வெளியே தெரிந்தால் யார் பேர் கெடும்? சேலத்துக்காரி வந்தாள், இரண்டே வருடத்தில் அண்ணன் தம்பியைப் பிரித்துவிட்டாள் என்பார்கள். தன் தட்டில் இருப்பதை எடுத்து இவள் தட்டில் வைக்கிற பூங்கொடி அக்கா, அப்புறம் என்ன முகத்தோடு இவளிடம் பேசுவாள்? பைப் இப்படியே நின்றால் பிரிவினை இந்தச் சுவருக்குள்ளேயே இருந்துவிடும். சேர்த்துவிட்டாலோ, மாமாவை மீறியதாகும். அதுவும் இன்று பொழுது சாய்வதற்குள் செய்தாக வேண்டும்.

பன்னிரண்டரை மணிக்கு வேலுமணி மொபெட்டில் வந்து இறங்கினார். வழக்கம்போல முதலில் ஹோஸை எடுத்துச் சுவருக்குத் தண்ணீர் காட்டினார். அறுபத்து நாலு வயதில், கட்டிய சுவரைக் கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டுகிற மாதிரிக் குளிப்பாட்டுவார்.

"மாமா, பின்னாடி பைப்பு..."

"மாதையன் சொல்லீட்டானா?"

"கயிறு சொல்லிருச்சுங்க மாமா."

வேலுமணி சிரித்துவிட்டார். ஹோஸை மூடிவிட்டு, அடுக்கியிருந்த செங்கல் மேல் உட்கார்ந்தார். "மாதையா, வெளில போயி ஒரு டீத்தண்ணி குடிச்சுட்டு வா" என்றார்.

"டீக்கடை ரெண்டு மைலுங்க" என்றான் மாதையன்.

"நடந்து போயிட்டு வா."

அவன் போனதும் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடங்கினார்.

"எனக்கு ராசுன்னு ஒரு அண்ணன் இருக்கறாரு, தெரியுமா கண்ணு?"

"கேள்விப்பட்டிருக்கேங்க. பார்த்ததில்ல."

"பாத்திருக்க மாட்டே. பாகம் பிரிச்சப்ப, இருந்த ஊட்டுக்கு நடுவாலயே ஒரு செவுரு வெச்சுக்கிட்டோம். கெணறு பொது. மீட்டரு அவுரு பக்கம். என்ற மோட்டாருக்கு வர்ற ஒயரு அவுரு செவுத்துக்குள்ள வரும். நாலு வருசம் ஒண்ணுமில்ல. அப்பறம் ஒரு நா, மாடு மேஞ்சுருச்சுன்னு ரெண்டு வார்த்த வந்துது. அவுரு உள்ள போனாரு, கட்டிங் பிளேயரை எடுத்தாரு, ஒயரை வெட்டிப்போட்டாரு."

"ஐயோ."

"ஆயிரம் வாழை. குலை தள்ளற நேரம். கண்ணு முன்னால காஞ்சுது. நான் கேசு போட்டேன். பதினோரு வருசம் நடந்துது சாமி, ஒரு ஒயருக்கு. தீர்ப்பு எனக்குத்தான் வந்துது. போயிப் பாத்தா கெணத்துல தண்ணியே இல்ல."

அவர் சிரித்தார். கிருத்திகாவால் சிரிக்க முடியவில்லை.

"அன்னைக்கு முடிவு பண்ணுனேன். என்ற பசங்களுக்கு ஊடு கட்டுனா, ஒருத்தன் செவுத்துல இன்னொருத்தன் ஒயரு போகக் கூடாது."

"அவங்க ரெண்டு பேரும் இப்ப நல்லாத்தானே இருக்காங்க மாமா?"

"நல்லா இருக்கறப்பத்தான் பண்ணோணும். சண்டை வந்ததுக்கப்பறம் செவுரு வெச்சா, ஆரு ரூம்புல எத்தன அங்குலம் போச்சுன்னு அதுக்கொரு சண்டை வரும். இப்பப் பாரு, கடக்கால் கெடக்குது, மேல பீம் கெடக்குது. வேணுங்கறன்னைக்கு நாலே நாள்ல செவுத்த ஏத்திக்கலாம். வேண்டாமா, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்." அவர் அவளுடைய நோட்டைச் சுட்டிக்காட்டினார். "பத்து வருசம் கழிச்சு என்ன ஒயரு வருமோன்னு நீ பெரிய பைப்பாப் போடறயில்ல? அதே ரோசனைதான் எனக்கும்."

அவர் அண்ணன் தம்பியைப் பிரிக்கப் பார்க்கவில்லை. அவர்கள் ஒயரை வெட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று பார்க்கிறார். கோபித்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பூசாத சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கீழே கிடந்த சிவப்புப் பென்சிலை எடுத்தாள்.

"மாமா, ஒயர் தாண்டிப் போறதுதான் பயமுங்களா, இல்ல வெட்ட வேண்டி வர்றதுங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான?"

"இல்லீங்க. இங்க பாருங்க." தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு சதுரம் போட்டாள்; அந்தப் பக்கம் ஒரு சதுரம் போட்டாள். "இக்கட்ட ஒரு பெட்டி, அக்கட்ட ஒரு பெட்டி. முன்னாடி இருந்து வர்ற ஒயர் இந்தப் பெட்டியோட முடிஞ்சிரும். பின்ஸ்பீக்கர் ஒயர் அந்தப் பெட்டியில இருந்து ஆரம்பிக்கும். தூணை வெட்டக் கூடாது, அதனால தரைக்கடியில கடக்காலுக்கு மேல ஒரு பைப்பு. அதுக்குள்ள மூணடி ஒயர், ரெண்டு முனையிலயும் மாட்டிக் கழட்டற பின்னு. பிரியணும்னா மூடியத் தொறந்து பின்னைக் கழட்டினாப் போதும். யாரும் பிளேயர் எடுக்க வேண்டியதில்ல."

வேலுமணி எழுந்து வந்தார். இரண்டு சதுரங்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அவம் பக்கத்து ஒயரு அவனுது?"

"ஆமாங்க."

"இவம் பக்கத்துது இவனுது. மூணடி மட்டும் பொது."

"அவ்வளவுதாங்க."

"அந்த மூணடிக்கும் கேசு போடுவானுகளே, என்ற பசங்கல்ல!"

இந்தத் தடவை கிருத்திகாவும் சிரித்துவிட்டாள். அவர் இன்னும் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரிஞ்ச பொறகு, மறுக்காச் சேரோணும்னு தோணுச்சுன்னா?"

"அதே பின்னை மாட்டிக்கலாம் மாமா."

அவருடைய உதடு ஏதோ கணக்குப் போடுவது போல அசைந்தது. "சரி. மாதையன் வந்தா இதே மாதிரி போடச் சொல்லு" என்றார் கடைசியில்.

கிருத்திகா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

"சோத்தத் தின்னுபோட்டுப் பேசறது" என்றது ஒரு குரல்.

வடக்கு வாசலில் காளியாத்தாள் நின்றிருந்தாள். ஒரு கையில் சோறும் குழம்பும் கொண்டுவந்த தூக்குப் போசி, இன்னொரு கையில் வாழையிலைக் கட்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. வந்தவள் செங்கல் மேல் இலையை விரித்தாள், தண்ணீர் தெளித்தாள், சோற்றைப் போட்டாள். எதிலும் பதற்றம் இல்லை.

"ஏனுங்க, உங்களை ஒண்ணு கேக்கறேன்."

"கேளு."

"மூணடி ஒயரு பொதுன்னு பேசிக்கிட்டீங்க. கேட்டுட்டுத்தான் நின்னேன். நாம ரெண்டு பேரும் பொதுவுங்களா, இல்ல பாகத்துல வர்றமுங்களா?"

வேலுமணியின் கை இலைக்கு மேலேயே நின்றது.

"என்ன பேச்சு இது?"

"ரெண்டு வாசல் வெச்சீங்க. காத்து வருமுன்னு சொன்னீங்க, நம்புனேன். ரெண்டு மீட்டரு வெச்சீங்க. கடக்காலு போட்டீங்க. அத்தனையும் ரோசனை பண்ணியிருக்கறீங்க. எனக்கு எந்தப் பக்கமுங்க?"

"அதெல்லாம் பசங்க பாத்துக்குவானுக காளி."

"உங்கப்பாவும் இதே வார்த்தையத்தான் சொன்னாரு." காளியாத்தாள் குழம்பை ஊற்றினாள். குரல் உயரவே இல்லை. "பாகம் பிரிச்சன்னைக்கு உங்கப்பா உங்கண்ணன் பக்கம் போயிட்டாரு. அத்தை நம்ம பக்கம். நடுவால செவுரு. அந்தப் பக்கம் அவுரு இருமுறாரு, இந்தப் பக்கம் அத்தை எந்திரிச்சு உக்காந்துக்கறாங்க. 'காளி, அவுருக்குச் சுடுதண்ணி குடுத்தாங்களான்னு கேட்டுட்டு வா'ன்னு என்னையத் தொரத்துவாங்க. நான் ஊரைச் சுத்திக்கிட்டு அந்த வாசலுக்குப் போயி நிக்கோணும். கதவத் தொறக்க மாட்டாங்க. ஒயரு கேசு பதினோரு வருசமுன்னு மருமகளுக்குச் சொன்னீங்களே, இதைச் சொன்னீங்களா?"

வேலுமணி தலை நிமிரவில்லை.

"ஒயருக்குப் பின்னு வெச்சுட்டே கண்ணு, கெட்டிக்காரி" என்று கிருத்திகாவின் கன்னத்தைத் தொட்டாள் காளியாத்தாள். "எங்களுக்கு அந்த மாதிரி ஒண்ணும் கெடையாதே சாமி. மாட்டறதுக்கும் கழட்டறதுக்கும்."

கிருத்திகா நோட்டை மூடினாள். நாலு பக்கமும் எழுதியிருந்தாள்; எட்டுப் பேருக்கு இருக்கை போட்டிருந்தாள். சுவர் எழுந்தால் இந்த இரண்டு பேர் எங்கே உட்காருவார்கள் என்பது அவளுக்கும் தோன்றவில்லையே.

வேலுமணி இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். சோறு ஆறிப்போனது. பிறகு, சாப்பிடாத கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து மருமகளிடம் நீட்டினார்.

"கொத்தனாருக்குப் போடு கண்ணு. நாளைக்கு ரூம்பு மட்டும் பூசட்டும். ஹாலத் தொட வேண்டாமுன்னு சொல்லு."

சொன்னாள். "அப்ப ஹாலு எப்பங்க?" என்று கொத்தனார் கேட்டார். கிருத்திகா மாமாவைப் பார்த்தாள். அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்றோமுங்க" என்று வைத்தாள்.

"இப்பப் பெரியவனுக்குப் போடு."

அவள் விரல் தயங்கியது. "மாமா, அவங்ககிட்ட நான் என்ன..."

"நீ ஒண்ணும் சொல்லாதே. ரிங்கு போனதும் என்ற கையில குடு. கடக்கால் போட்டவன் நான், நான்தான் சொல்லோணும். உன்ற பேரு இதுல வரக் கூடாது."

அவள் கேட்காமலே அவர் அதைச் சொன்னார். கிருத்திகா சட்டென்று திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ராய்ப்பூருக்குப் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான் மாதேஸ்வரன். போர் போடும் சத்தம் இல்லை. வண்டி நிறுத்தியிருந்தான் போல.

வேலுமணி போனை வாங்கினார். காளியாத்தாளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தினாள் கிருத்திகா.

"மாதேசு, அப்பன் பேசறேன். ஊட்டு விசயமா உங்கிட்ட ஒண்ணு..."

"நானே உங்களக் கூப்புடோணும்னு வண்டிய நிறுத்திப்போட்டு உக்காந்திருக்கறேனுங்கப்பா" என்றான் அவன் அவசரமாக. "அந்த ஊட்டு விசயந்தான், பாகத்தப் பத்தி. பக்கத்துல ஆருமில்லீங்களே?"

காளியாத்தாள் கரண்டியைப் போசிக்குள் வைத்துவிட்டு, கணவரை ஒட்டிப் போய்ச் செங்கல் மேல் உட்கார்ந்தாள்.

வேலுமணி அவளை ஒரு தடவை பார்த்தார்.

"உங்கம்மா இருக்கறா" என்றார். "சொல்லு."